கடலடியில் ஒரு பஸ்

ஒரு கேள்வி. வீட்டில் பேசிப் பாருங்கள். ஒரு செயலுக்கு நல்ல நோக்கம் ஒன்றை ஊரறியச் சொல்லிவிட்டு, மனத்துள்ளே வேறொரு நோக்கத்தை வைத்துக்கொள்ளலாமா? அந்த மற்ற நோக்கமும் நியாயமானதாகவே இருந்தால்?

2021ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இலங்கைப் போக்குவரத்துச் சபை கழித்துவிட்ட பஸ்களின் கூடுகளைக் கடற்படையினர் நெடுந்தீவுக்கு அப்பால் கடலில் இறக்கினர். கடற்றொழில் அமைச்சின் திட்டம். மீன் பெருகுவதற்கென்று சொல்லப்பட்டது; அதில் பொய்யில்லை. மணலும் சேறுமான அடித்தரையில் கெட்டியான பொருளொன்று கிடந்தால் பாசி பற்றும், சிப்பி ஒட்டும், சிறு மீன் ஒதுங்கும், அதைத் தேடிப் பெரிய மீன் வரும். மரக்குழைகளைக் கட்டி இறக்கிக் கணவாய் பிடிக்கத் தெரிந்த நம்மவருக்கு இதை ஒருவர் வந்து படிப்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் மீன் கூடுவது வேறு, பெருகுவது வேறு. கூடிய இடத்தில் எல்லாரும் போய் வாரினால் இருந்ததும் போய்விடும். (அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1972இல் ஏறத்தாழ இருபது இலட்சம் ரயர்களைக் கட்டிப் போட்டார்கள். கட்டு அறுந்து, உருண்டு, இயற்கையான பவளப்பாரையே அவை சிதைத்தன.)

இராமேஸ்வரத்து மீனவர்கள் உடனே எதிர்த்தார்கள். தங்கள் வலையும் படகும் சேதமாகும் என்றார்கள். நம் கரையில் சிலருக்கோ அதுவே மகிழ்ச்சி. காரணம் உங்களுக்குத் தெரியும். அடித்தரையைத் துடைத்தெடுக்கும் இழுவைமடியை இலங்கைச் சட்டம் 2017இல் தடைசெய்தது; இருந்தும் றோலர்கள் வந்தன. அறுந்த வலைக்கு ஈடு கொடுத்தவர் யார்? ஆகவே, பஸ்ஸில் மடி சிக்கட்டும் என்று ஒருவர் நினைத்தால் அவரைக் கொடியவர் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

தன்னைக் காப்பவன் அளவு மீறாமல் காத்தால் குற்றமில்லை என்றார் புனித தோமா அக்குவைனார். எனவே தடை போடலாம். ஆனால் வேலி போடுகிறவன் அது வேலி என்று தெரியப் போடுகிறான். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், மீனுக்கு வீடு என்ற பெயரில் கிடக்கும் இரும்பு எதுவென்று யாருக்கும் தெரியாது. மடி சிக்கிப் படகு கவிழ்ந்தால் தண்ணீரில் விழுகிறவர் றோலர் முதலாளி அல்லர். நாட்கூலிக்கு வந்த ஒரு தகப்பன். நம்முடைய நூல்வலையும் அதே தகரத்தில்தான் கிழியும்.

ஆகவே, இனி ஒருமுறை இப்படி ஏதும் இறக்க வந்தால், சரவணையிலும் ஊர்காவற்றுறையிலும் உள்ள கடற்றொழிலாளர் சங்கங்கள் முதலில் கேட்கட்டும்: எந்த இடம், எத்தனை பாகம் ஆழம், மேலே மிதவை உண்டா, அக்கரைக்கும் அறிவித்தாயிற்றா?