பழைய பென்ஸ் வண்டியும் பேணுதலின் அறமும்

உடைமை என்பது ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கிய நாளோடு முடிந்துவிடும் செயலன்று; வாங்கியதைப் பேணும் காலமெல்லாம் நீளும் உறவு அது. இவ்வுண்மையைப் பழைய ஜேர்மன் சொகுசு மோட்டார் வண்டிகளைப் போலத் தெளிவாக உணர்த்தும் பொருள்கள் சிலவே. சித்திரை மாத நுவரெலியாவிலோ, ஹற்றன் கடைவீதியிலோ பழைய மேர்சிடிஸ் பென்ஸ் வண்டியொன்று வந்து நின்றால், அதனைத் திரும்பிப் பாராதோர் அரியர். அதனை வைத்திருத்தல் கலையார்வமா, வீண்பெருமையா, அன்றி வேறோர் ஆழ்ந்த வேட்கையின் வெளிப்பாடா என்பது அறவியல் நோக்கில் ஆராயத்தக்க வினாவாகும்.

முதற்கண் செலவை நோக்குதல் பொருந்தும். புதிதாயிருந்தபோது பெருஞ்செல்வர்க்கே உரியதாயிருந்த வண்டி, ஆண்டுகள் பல கழிந்தபின் நடுத்தர வருவாயினரின் கைக்கும் எட்டுகின்றது. ஆயின் வண்டியின் விலை இறங்கிய அளவுக்கு அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்குவதில்லை. 1976 முதல் 1985 வரையிலான காலத்தில் ஏறத்தாழ இருபத்தேழு இலட்சம் எண்ணிக்கையில் உற்பத்தியான பென்ஸ் வகையொன்று உண்டு. உருக்குச் சுருள்வில்லின்மீது அமைந்த எளிய வண்டியாதலின், கைதேர்ந்த மெக்கானிக் எவரும் அதனைப் பிரித்துப் பூட்டலாம். அதே நிறுவனம் 1998 இல் வெளியிட்ட பெரிய வண்டியோ காற்றடைத்த றப்பர்ப் பைகளின்மீது அமைந்தது. றப்பர் முதுமையுற்றுக் காற்றுக் கசியுமாயின், அவ்வண்டி ஒரே இரவில் நிலத்தோடு தாழ்ந்துவிடும். மலைநாட்டின் பாதைகளும் இரக்கங்காட்டுவதில்லை. ரம்பொடை வளைவுகளில் ஏறும்போது இயந்திரம் கொதிக்கின்றது; இறங்கும்போது பிரேக் தேய்கின்றது; நிற்கும்போது மூடுபனியும் மழையும் இரும்பைத் துருவாக அரிக்கின்றன.

அண்மைக்கால வரலாறு இச்சுமையை மேலும் பெருக்கிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி மீண்டும் திறந்தது. இடையே 2022 இல் டொலரொன்றின் பெறுமதி இருநூறு ரூபா அளவிலிருந்து முந்நூற்றறுபது ரூபா அளவுக்கு உயர்ந்தது. அவ்வாண்டு எரிபொருள் அனுமதி அட்டைமுறை வந்தபோது காரொன்றுக்கு வாரத்திற்கு இருபது லீற்றரே கிடைத்தது. பேரெஞ்சின் கொண்ட வண்டியொன்று நுவரெலியாவிலிருந்து கொழும்புக்குச் சென்று மீளுதற்கும் அது போதாது.

இத்துணைச் செலவிருந்தும் கவர்ச்சி குன்றாமைக்குக் காரணம் யாது? செய்நேர்த்தியை மதிக்கும் மனம் ஒரு காரணம். கதவு மூடும் ஓசையிலும் இருக்கையின் தையலிலும் அறியாத் தொழிலாளி ஒருவனின் கவனத்தைக் காண்பவன், அதனைக் கழித்தெறிய ஒருப்படான். பழையதைப் பேணுதல் விரயத்துக்கு எதிரான ஒழுக்கமும் ஆகும். மற்றொரு காரணம் பிறர் கண்ணில் பெறும் மதிப்பு. தோர்ஸ்ரீன் வெப்லன் 1899 இல் வெளியிட்ட நூலில், செல்வத்தைக் காட்டுதற்கென்றே செய்யப்படும் செலவைச் சமூகத் தகுதிக்கான போட்டியாக விளக்கினார். அவ்விளக்கத்தைக்கொண்டு பழைய பென்ஸ் வாங்கியவனைப் பகட்டுக்காரன் என்று ஒதுக்கிவிடுதல் எளிது.

ஆனால் மலையகத்தில் அத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பாகவே முடியும். இம்மண்ணின் மூதாதையர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே கால்நடையாக மலையேறியவர். துரையின் வண்டி வரும்போது பாதையோரம் ஒதுங்கி நின்ற தலைமுறைகள் அவர்க்குப் பின் தோன்றின. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாட்டில் அவர்களுக்கிருந்த இடத்தையே கேள்விக்குள்ளாக்கிற்று. துரைமாரின் வண்டிகள் பெரும்பாலும் ஓஸ்டின், மொறிஸ் போன்ற பிரித்தானிய வண்டிகளே என்பது உண்மை. ஆயினும் ஒதுங்கி நின்றவனுக்கு வண்டி என்பது அதிகாரத்தின் உருவமாகவே தெரிந்தது. அவ்வழியில் வந்த ஒருவர் வணிகத்தாலோ உத்தியோகத்தாலோ முன்னேறி, அதே பாதையில் பென்ஸ் வண்டியைச் செலுத்தும்போது, தாம் இனி ஒதுங்கி நிற்பவரல்லர் என்று உரைக்கின்றார். மதிப்பு நெடுங்காலம் மறுக்கப்பட்டவரை, பிறர் மதிப்பை நாடாதே என்று கடிதல் அறமாகாது.

ஆகவே, எவரும் பாராவிடினும் இவ்வண்டியை வைத்திருப்பாரா என்ற சோதனை ஈண்டுப் போதாது. அதனினும் பொருத்தமான வினா, இதன் விலையை யார் செலுத்துகின்றார் என்பதே. உடையவரே தம் உழைப்பாலும் ஓய்வாலும் செலுத்துவாராயின் பிறர் குறைகூற இடமில்லை. மகளின் பல்கலைக்கழகச் செலவோ, தாயின் மருந்தோ கராஜ் கணக்கில் கரையுமாயின், ஒருவரின் தன்மானத்துக்கு மற்றொருவர் கடன் செலுத்துகின்றார். வள்ளுவர் பொருளின் அளவறிந்து வாழ்தலை ‘வலியறிதல்’ அதிகாரத்திலே வைத்தார் என்பது கருதத்தக்கது. மயிலிறகேயாயினும் அளவுமிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமையும் அவ்வதிகாரத்தினதே. மயிலிறகின் எழில் அச்சைக் காப்பதில்லை.

இவ்வினா தனிமனிதரோடு நின்றுவிடுவதுமன்று. பெல்ஃபாஸ்ற் நகரிற் செய்த பழைய உலர்த்தும் இயந்திரங்களைத் தேயிலைத் தொழிற்சாலைகள் நெடுங்காலம் பழுதுபார்த்து இயக்கிவந்தன. பழைய காருக்கு வேண்டிய ஒரு சிறு திருகாணிக்காக ஸ்ருட்கார்ட் வரை கடிதம் போகின்றது. ஆனால் அவ்வண்டிகளினும் மிக மூத்த லயன் அறைகள், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில், ஒழுகும் தகரக் கூரையின்கீழ் இன்றும் குடும்பங்களைத் தாங்கி நிற்கின்றன. வருவாய் தருவதை முதலாளி பேணுகின்றார்; மதிப்புத் தருவதை உடையவர் பேணுகின்றார்; மனிதர் வாழுமிடத்தைப் பேணும் கடன் எவர்க்குரியது என்பது மட்டும் வழக்காடலாகவே நீடிக்கின்றது.

பழைய வண்டியை நேசிப்பது குற்றமன்று. பழையதொன்று பழுதுற்றதனாலேயே கைவிடத்தக்கதன்று என்ற நல்லறிவு அந்நேசத்துள் உறைகின்றது. அவ்வறிவு வண்டிக் கொட்டிலோடு நின்றுவிடாமல், வீட்டுக்குள்ளும் லயன் வாசல் வரையும் செல்லுமாயின், அவ்வுடைமை அறத்தோடு பொருந்தியதாகும்.