பசியும் வேட்கையும்: குறள் காட்டும் அளவுகோல்

உண்ணும் விருப்பம் அனைத்தும் பசியாகாது. வழக்கமான வேளை வந்ததும் எழும் நாட்டம் பெரும்பாலும் பழக்கத்தின் விளைவே. அது குறிப்பிட்டதொரு சுவையையே நாடும். பசியோ கிடைத்ததை ஏற்கும்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் (95) இவ்வேறுபாட்டை அறியும் வழியை நாவின் விருப்பத்தில் தேடவில்லை. முன்னர் உண்டது 'அற்றது' அறிந்து, நன்கு பசித்தபின் உண்க என்கிறது (944). ஈண்டுப் பசி வெறும் உணர்ச்சியன்று, ஆராய்ந்து அறியப்படுவது.

எனினும், இவ்வளவுகோல் உணவுடையோர் தம்மைத் தாமே அளந்துகொள்வதற்கு மட்டுமே உரியது. 'ஈகை' அதிகாரம் (23) 'அற்றார்' பசியைக் கூறுமிடத்து (226) அது மெய்யோ என ஆராயச் சொல்லவில்லை. அதனைத் தீர்த்தலையே பொருளைச் சேமித்து வைக்கும் இடமாகக் காட்டுகிறது. 'அறு' என்னும் ஒரே வினையடி முன்னதில் செரித்தலையும் பின்னதில் இல்லாமையையும் குறிக்கின்றது. தன் பசியை ஐயுற்று நோக்கவேண்டியவன் பிறர் பசியை ஐயுறலாகாது என்பது இவ்விரு குறள்களையும் இணைத்து நோக்குங்கால் பெறப்படும்.