மஞ்சட்பூவும் பிறந்த மண்ணும்

ஒரு செடியைக் குற்றவாளி என்று தீர்மானிப்பதற்கு அது பிறந்த தேசம் போதிய சாட்சியாகுமா? ஜெராய் மலையினின்று இறங்கும் நீரால் ஈரம் வற்றாத கொல்லைகளையுடைய யான் வட்டாரத்து அன்பர்கள் இவ்வினாவைச் சற்று ஆலோசித்தல் வேண்டும்.

வடிகாலோரத்திலும் வேலியடியிலும் பொற்காசு சிதறினாற்போலப் பூத்துப் படரும் கொடியொன்று உண்டு. வெடேலியா என்பர். மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் அதன் தாயகம். அழகுக்கென்று இங்கே கொணர்ந்தனர். கணுவுக்குக் கணு வேர்விடும். ஒடித்தெறிந்த துண்டும் ஈரமண்ணிற் பிழைத்துக்கொள்ளும். உலகிற் பெருந்தீங்கு விளைக்கும் அந்நிய உயிரினங்கள் நூறு என்று, இயற்கைப் பாதுகாப்பிற்கான பன்னாட்டு ஒன்றியத்தின் நிபுணர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் இதுவும் ஒன்று.

இது கேட்டதும், “வந்தேறிச் செடி, பிடுங்கி எறி” என்பார் சிலர். வந்தேறி! நம் செவிக்குப் பழகிய சொல்தான். நிற்க, ரப்பர் எந்த ஊரது? 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து அதன் விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூர் சேர்ந்தன. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவினது. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தன. இவற்றை வந்தேறி என்று ஏசுவார் ஒருவருமிலர். ஏன்? பணமும் உணவும் தருகின்றன. அங்ஙனமாயின் அச்சொல் பிறப்பைக் குறிக்க வந்ததன்று. வேண்டாதவரை விலக்குவதற்குக் கண்ட சாக்கேயாம். பால்மரத்தை வரவேற்றுவிட்டு, அதிற் பாலெடுத்த கையை மட்டும் “நீ எந்த ஊர்?” என்று கேட்பது எவ்வகை நியாயமோ!

ஆயினும் வெடேலியாவைக் கட்டவிழ்த்து விடலாமென்பது எமது கட்சியன்று. அதன்மீது சாட்டத்தக்க குற்றம் வேறு. அது போர்வைபோல் மண்ணை மூடி, அடியிலுள்ள சிறு செடிகளுக்கு வெளிச்சத்தை மறுக்கிறது. அச்செயலுக்காக அதை அடக்குக. மேலும், அது தானே நடந்து வரவில்லை. நட்டவர் உளர், களைந்ததை ஓடையில் வீசியவரும் உளர். அவர்களைக் கேட்பார் யார்?

ஈரக்கொல்லையில் மஞ்சட்பூ வேண்டுமெனில், அதே இனத்ததான மஞ்சள் கரிசலாங்கண்ணி இருக்கிறது. கணுவுள்ள தண்டை ஈரமண்ணிற் பதித்தாற் போதும், பல்லாண்டு நிற்கும். நம்மவர் கீரையாகவும் மருந்தாகவும் கொள்வது இதுவே. வெடேலியாவின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிளவுற்றிருக்கும். கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டது. பூவை மட்டும் பார்த்து ஒன்றை மற்றொன்றாகக் கருதிக் கிள்ளிவிடலாகாது. நம் ஊர்ச் செடியாயிற்றே என்று இதற்குச் சலுகையும் வேண்டா. பாத்தியைத் தாண்டினால் இதையும் நறுக்கி, துண்டுகளை வெயிலில் நன்றாக உலர்த்திய பின்னரே குப்பையிற் சேர்த்தல் வேண்டும்.