யார் சொன்னது?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதுகிற கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் இப்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் இடம் பெறுகிறது: ‘ஆதாரம்: கூகுள்.’ இன்னும் தாராள மனசு படைத்த பிள்ளைகள் ‘ஆதாரம்: இன்டர்நெட்’ என்று எழுதிப் பேனாவை மூடிவிடுகிறார்கள். கூகுள் நூலல்ல, நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கை காட்டுகிற ஆள். ‘இந்தச் செய்தியை உனக்குச் சொன்னது யார்?’ என்ற கேள்விக்கு ‘நூலகத்து வாசலில் நின்றவர்’ என்று பதில் சொன்னால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இதுவும் இருக்கிறது.

ஒரு தமிழாசிரியரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் பிள்ளைகளின் கட்சியில் நின்றார். “அறிவு பொதுச் சொத்து, ஐயா! நாட்டுப் பாடலுக்கு ஆசிரியன் உண்டா? பழமொழிக்குச் சொந்தக்காரன் உண்டா? உன்னுடையது, என்னுடையது என்று பிரிக்கிற இந்தக் கணக்கெல்லாம் நம் மரபிலே கிடையாது” என்றார்.

கேட்பதற்கு அழகான வாதம்தான். ஆனால் அதில் ஒரு சங்கதி விட்டுப்போயிருக்கிறது. நாற்று நடுகிறபோது பாடினவள் பாட்டின் கீழே தன் பெயரையும் போட்டுக்கொள்ளவில்லை. தன் பெயரைத் துறந்தவளுக்குப் பிறர் பெயரைக் கேட்காதிருக்க உரிமை உண்டு. நம் பிள்ளையோ முதல் பக்கத்தில் தன் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாவற்றையும் வண்ண மையில் எழுதி, அதைச் சுற்றிக் கட்டமும் போட்டுவிடுகிறான். தன் பெயரை அவ்வளவு பெரிதாக எழுதுகிறவன், பிறர் பெயரைச் சிறிதாகவாவது எழுதத்தானே வேண்டும்?

மரபின் பேரில் பழி போடுவதும் நியாயமல்ல. தமிழில் நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய இலக்கணமான தொல்காப்பியத்தில் ‘என்ப’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ‘இதை நானாகச் சொல்லவில்லை, அறிந்தவர்கள் இப்படிச் சொல்லுகிறார்கள்’ என்பது அதன் பொருள். நம் இலக்கணமே பிறருக்குக் கடன்பட்டிருப்பதைச் சொல்லிக்கொண்டுதான் நடக்கிறது.

ஆனாலும் ‘யாரோ சொன்னார்கள்’ என்று மட்டும் சொன்னால் போதுமா? போதாது என்பதற்கு நம்மிடமே ஒரு கதை இருக்கிறது. சீவக சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், பழைய நூல்களிலிருந்து ஏராளமாக மேற்கோள் காட்டுகிறார். பல இடங்களில் நூலின் பெயரைச் சொல்லாமல், பிறரும் இப்படிச் சொன்னார் என்று முடித்துவிடுகிறார். அவர் காலத்து மாணாக்கருக்கு அது போதும். அந்தப் பாடல்கள் அவர்களுக்கு மனப்பாடம். காலம் மாறிற்று. நூல்கள் பரண்களிலும் மடங்களிலும் முடங்கிப் போயின. பல நூற்றாண்டுகள் கழித்துச் சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ. வே. சாமிநாதையர், அந்தப் ‘பிறர்’ யார் என்று தெரியாமல் ஏடு ஏடாகப் புரட்ட வேண்டியிருந்தது. தேடத் தேடத்தான் அவை பத்துப்பாட்டு முதலான சங்க நூல்களின் வரிகள் என்று புலப்பட்டது. 1887ல் சிந்தாமணியும் 1889ல் பத்துப்பாட்டும் அவர் பதிப்பில் வெளிவந்தன. உரையாசிரியர் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார். இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது நாளைக்கு ஒருவருக்கும் தெரியாமல் போகும் என்பதுதான் நாம் கற்க வேண்டியது.

ஓலைச்சுவடியாவது சில நூற்றாண்டு தாங்கிற்று. இணையப் பக்கத்தின் ஆயுள் அதைவிட அற்பம். அமெரிக்காவிலுள்ள பியூ ஆராய்ச்சி மையம் 2024ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013ல் இருந்த இணையப் பக்கங்களில் 100க்கு 38 பத்தாண்டுக்குள் காணாமற் போய்விட்டன. காணாமற் போகாதவையும் அப்படியே இருப்பதில்லை. 2001ல் தொடங்கிய விக்கிப்பீடியாவில் காலையில் படித்த வாக்கியம் மாலையில் வேறாக இருக்கக்கூடும்.

ஆகவேதான் இணையத்திலிருந்து ஒன்றை எடுத்தாளும்போது சில விவரங்களைக் குறிக்கச் சொல்லுகிறார்கள்: எழுதியவர் பெயர், கட்டுரையின் தலைப்பு, அதை வெளியிட்ட தளம் அல்லது நிறுவனம், வெளியிட்ட தேதி, அந்தப் பக்கத்தின் முழு முகவரி, நாம் அதைப் பார்த்த தேதி. எழுதியவர் பெயர் இல்லையென்றால் நிறுவனத்தின் பெயர். தேதி இல்லையென்றால் தேதி இல்லை என்றே எழுதலாம். பார்த்த தேதி எதற்கு என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். ‘நான் பார்த்த அன்றைக்கு அது இப்படியிருந்தது’ என்று சாட்சி சொல்வதற்குத்தான். விக்கிப்பீடியாவிலேயே ஒவ்வொரு பக்கத்தின் பழைய வடிவங்களும் தேதிவாரியாக வைக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1996ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற காப்பகமும் கோடிக்கணக்கான பக்கங்களுக்குப் படி எடுத்து வைத்திருக்கிறது. தேதி தெரிந்தால் தேடி எடுக்க வழி உண்டு.

இவையெல்லாம் முறை. முறையை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். முறைக்குப் பின்னாலுள்ள மனசுதான் கடினமானது. படித்ததை மட்டுமே படித்ததாகச் சொல்ல வேண்டும். காந்தியடிகளின் எழுத்தும் பேச்சும் ஆங்கிலத்தில் 100 தொகுதிகளாக வந்திருக்கின்றன. உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே ஆகிவிடு என்று ஒரு வாசகம் அவர் பெயரால் சுவர்களில் எல்லாம் தொங்குகிறது; அந்தச் சொற்களில் அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மாணவன் அதை ஓர் இணையப் பக்கத்தில் பார்த்திருந்தால் அந்தப் பக்கத்தைத்தான் குறிக்க வேண்டும். ‘காந்தி’ என்று எழுதினால், செத்துப்போன ஒரு மனிதர் வாயில் நாம் சொல்லைத் திணித்தவர்களாவோம். மறுப்பதற்கு அவர் எழுந்து வரமாட்டார்.

பெரியவர்கள் மட்டும் சுத்தமா? 2023ல் நியூயார்க் நகரத்து நீதிமன்றம் ஒன்றில், வழக்கறிஞர்கள் இல்லாத தீர்ப்புகளை இருப்பதாக மேற்கோள் காட்டினார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் சாட்ஜிபிடி என்ற இயந்திரம் கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகள் அவை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அந்தத் தீர்ப்புகளைத் தேடிப் பிடித்துப் படித்துப் பார்க்க எதிர்த்தரப்பு முயன்றதால்தான் குட்டு வெளிப்பட்டது.

இங்கேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. ஆதாரம் காட்டுவது திருட்டுப் பட்டத்திலிருந்து தப்புவதற்கான ரசீது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். அது பாதி உண்மை. படிப்பவனைப் பார்த்து, ‘நீ என்னை அப்படியே நம்ப வேண்டாம், இதோ வழி, நீயே போய்ப் பார்’ என்று சொல்லுவதே அதன் முழு அர்த்தம். தன்னைச் சந்தேகிக்கும் உரிமையைப் பிறனுக்குத் தன் கையாலேயே கொடுப்பது சாமானியமான காரியமல்ல. அதிகாரம் உள்ளவர்கள் அதைக் கொடுப்பதில்லை. பொய்யர்களால் கொடுக்கவே முடியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைக் கொடுக்கப் பழகிவிட்டால், வளர்ந்த பிறகு அவனை ஏமாற்றுவதும் கஷ்டம். அவன் பிறரை ஏமாற்றுவதும் கஷ்டம்.

ஆகையால் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். காற்புள்ளியும் அடைப்புக்குறியும் தவறின என்று மதிப்பெண் குறைப்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ‘இந்தச் செய்தியை எங்கே படித்தேன் என்று மறுபடி தேடினேன், கிடைக்கவில்லை, ஆகவே கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன்’ என்று ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்தால், அவன் கட்டுரை ஒரு பத்தி குறைந்துதான் இருக்கும். அந்தக் குறைவுக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.