கை படாத நீரும் கை ஓயாத கரையும்

மேட்டுச் சதுப்பு என்பது மழைநீர் ஒன்றையே உண்டு வளரும் ஈரநிலம். அதில் மடிந்த பாசி முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து, முற்றா நிலக்கரியாகித் தரைக்கு மேல் எழும்பி நிற்கிறது. வட ஐரோப்பாவில் இத்தகைய சதுப்புகளின் நடுவே கிடக்கும் ஏரிகளைக் காண வருவோர் பலகைப் பாதையைவிட்டு இறங்காதிருப்பதே அவற்றுக்கான காப்பு. நீலகிரியின் உயர்மட்டப் பள்ளங்களிலும் முற்றா நிலக்கரி படிந்திருக்கிறது; 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய தட்பவெப்பத்தை அறிஞர்கள் அதிலிருந்து அறிய முடிந்தது, அந்தப் படிவு நெடுங்காலம் கலையாமல் கிடந்ததால்தான்.

விலகி நிற்பதே இயற்கையைப் பேணுவது என்னும் இந்த எண்ணத்தோடு கோலார் தங்கவயலிலிருந்து பேத்தமங்கலத்து ஏரிக்குச் செல்பவர், அங்கே விரிந்த நீரையும் பறவைகளையும் கண்டு மகிழலாமேயன்றி, ஏரியைப் புரிந்துகொள்ள முடியாது. பாலாற்றை மறித்து எழுந்த அந்தக் கரை, பத்தாம் நூற்றாண்டிலேயே உடைந்து, நுளம்ப அரசனால் சீரமைக்கப்பட்டது. 1903 நவம்பர் வெள்ளத்தில் மீண்டும் உடைந்தது. அதே வெள்ளம் கீழே வாணியம்பாடியைச் சூறையாடியதை நினைத்தால், மேலே கரையைக் காப்பதும் கீழே உயிரைக் காப்பதும் வேறு வேறல்ல என்பது விளங்கும். கரையில் தழைக்கும் மரம் பார்வையாளருக்குப் பசுமை. ஏரியை அறிந்தவருக்கோ அது வேர்விட்டுக் கரையைத் துளைக்கும் பகை. தூர் அகற்றுதல், மதகைச் செப்பனிடுதல், மிகை நீர் வழியும் கோடியைச் சீராக வைத்தல் ஆகியவற்றை ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து நின்றுபோனால், கை படாத ஏரி தூர்ந்த ஏரியாகிவிடும்.

தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகளுக்குக் குடிநீர் தந்தது இந்த ஏரியே. அங்கே உழைத்த தமிழர்களில் பலர் வடஆர்க்காட்டிலிருந்து சென்றவர்கள். தங்கள் மாவட்டத்து மணலை நனைக்க வேண்டிய ஆற்றையே அவர்கள் மேலே, வேறோர் அரசின் எல்லைக்குள் குடித்தார்கள். 1892 ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் ஆற்றுநீர் ஒப்பந்தத்தில் இடம்பெற்ற ஆறுகளுள் பாலாறும் ஒன்று. எனினும் ஆவணத்தில் எதிரெதிராக நின்ற இரு தரப்பும் ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டுக் குடத்தில் கலந்திருந்தன என்பதை அவ்வொப்பந்தம் கணக்கில் கொள்ளவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பொன்னுக்காக வந்தவர்களின் பேரர்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள், அவர்களுக்குத் தாகமும் இருக்கிறது. ஆதலால் ஏரியைக் காக்கும் செலவைப் பொன்னின் இலாபத்தோடு மட்டும் பொருத்திப் பார்த்த பழைய கணக்கு, பொன் தீர்ந்ததும் ஏரியையும் தீர்ந்த பொருளாகக் கருதத் தூண்டுமானால், அது தொடக்கத்திலேயே தவறான கணக்குதான்.