காப்பதும் களைவதும்

நினைவைக் காத்தல் வசதியா, கடமையா என்னும் வினா பழையது. ‘கிளவுட்’ என வழங்கும் முகிற் சேமிப்பகம் அதனை இன்று ஒவ்வொருவர் கையிலும் புதிதாக வைத்துள்ளது. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ தோட்டத்து இளைஞன் ஒருவன் கைத்தொலைபேசியில் எடுக்கும் நிழற்படம், கடல் கடந்த கணினியொன்றிற் சென்று தங்குகிறது. கூகுள் நிறுவனம் கட்டணமின்றித் தரும் இடம் 15 ஜிகாபைட். மின்னஞ்சல், நிழற்படம், கோப்பு யாவும் அதற்குள் அடங்க வேண்டும். நிழற்படங்களுக்கென இருந்த எல்லையற்ற சலுகையும் 2021 யூன் முதல் நீங்கியது. இடம் நிரம்பினால் புதிய மின்னஞ்சலும் வந்து சேராது. அந்நிலையில் இரு வழிகளே உள: கட்டணம் செலுத்தி இடத்தைப் பெருக்குதல்; அன்றேல் இருப்பவற்றுட் சிலவற்றைக் களைதல்.

வேண்டாதவற்றைக் களைக என்பது எளிய அறிவுரை. ஆயின், எது வேண்டாதது என்பதை எவ்வாறு துணிவது? மலையக வரலாறு இவ்வினாவைக் கடுமையாக்குகிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், வம்சாவளியால் பிரசையாக விரும்பியவரிடம் தந்தை இலங்கையிற் பிறந்தமைக்கு, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டம், 1946 சனவரி முதலாம் திகதிக்கு முன் மணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமையை நிறுவுமாறு கேட்டது. கொழுந்து பறித்தே நாளைக் கழித்தவர்கள், தம் பாட்டன் பிறப்புக்குச் சீட்டு வேண்டப்படும் என எங்ஙனம் முன்னுணர்ந்திருப்பர்? இன்று பயனற்றதாகத் தோன்றும் தாளே நாளை ஒருவரின் நாட்டையே தீர்மானிக்கக்கூடும்.

இதனால் எல்லாவற்றையும் காப்பதே அறம் என்று முடித்துவிடலாகாது. ஆவணத்துக்கு மறுமுகமும் உண்டு. கங்காணியும் அவர் ஆட்களும் பட்ட கடனைக் குறித்து, அதனைத் தீர்க்கும் தோட்டத்துக்கு அவர்களை விடுவிக்க இசைந்த ‘துண்டு’ என்னும் சீட்டும் ஓர் ஆவணமே. 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை அது மனிதரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றியது. பிறர் கையில் இருந்த பதிவு கட்டிப்போட்டது. தம் கையில் இல்லாத பதிவு நாடற்றவராக்கியது. ஆகவே, எவ்வளவு காத்தோம் என்பதினும், காக்கப்படுவது யார் கையில் உள்ளது என்பதே முதன்மையான வினாவாகும்.

இவ்வளவுகோலால் முகிற் சேமிப்பகத்தை நோக்கின், அது லயத்துக் காம்பிராவை ஒத்திருத்தல் புலனாகும். தலைமுறைகளாக வாழ்ந்தும் அதற்கு உறுதி பெறாதோர் பலர். முகிலிலும் நாம் குடியிருப்போரேயன்றி உடைமையாளர் அல்லர். கட்டணத்தை நிறுத்தியபின் எல்லை மீறிய நிலை ஈராண்டு நீடிப்பினும், கணக்கு ஈராண்டு பயன்படுத்தப்படாது கிடப்பினும், உள்ளவை அழிக்கப்படலாம் என்பது அந்நிறுவனத்தின் விதி. எனினும் முகிலை வேண்டாமென ஒதுக்குதலும் பேதைமை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு நேர்ந்த மண்சரிவுகளில் மலைநாட்டு வீடுகள் புதைந்தன. தகரப் பெட்டியிற் பேணிய தாள்களுக்கு அத்தகைய வேளையிற் காப்பு ஏது?

இடத்தைப் பெருக்குதல் தெரிவைத் தள்ளிப்போடுமேயன்றித் தீர்க்காது. களையுங்கால் கருவி நமக்குப் பெரிதும் காட்டுவது பொருளின் பருமனை. திருவிழாக் காணொளி பெரிது. பாட்டியின் பிறப்புப் பதிவின் படம் சிறிது. முன்னதன் மூன்று பிரதிகளுள் இரண்டைக் களைதல் தகும். பின்னதைக் களைதல் தகாது. பெறுமதியைப் பருமனாற் கணிக்க இயலாமையால் இத்தெரிவைக் கருவியிடம் ஒப்படைத்தல் ஆகாது. உரியவரின் பெயரும் ஆண்டும் ஊரும் குறிக்கப்படாத ஆயிரம் படங்களினும் குறிக்கப்பட்ட பத்துப் படங்கள் பேரர்க்குப் பயன்படும். அவற்றின் ஒரு பிரதி முகிலிலும், மற்றொன்று வீட்டிலும், இன்னொன்று வேறிடத்து உறவினரிடமும் இருத்தல் நன்று. பொதுவாழ்வுக்குரிய துண்டுப் பிரசுரமும் சங்க மலரும் ஆயின், 2005 முதல் ஈழத்து எழுத்துக்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் போன்ற பொது முயற்சிகளைச் சேர்தல் தகும்.

களைதல் குற்றமன்று, ஆராயாது களைதலே குற்றம். காத்தல் மட்டும் அறமுமன்று. நமக்குப் பின் வருவோர் எடுத்தாளும் வண்ணம் காத்தலே அறம். சான்றின்மையால் நாடிழந்த ஒரு சமூகத்தின் வழித்தோன்றல்கள் அச்சான்றின் காவலைப் பிறரிடம் முற்றாக ஒப்படைத்துவிட்டு வாளாவிருத்தல் தகுமா என்பதைச் சிந்தித்தல் நம் கடன்.