டைம்ஷீட்டில் ஏறாத நேரம்

ஹைதராபாத்தில் கொண்டாப்பூரை ஒட்டிய கச்சிபவுலியில் இருக்கும் ஹைதராபாத் பல்கலைக்கழகமும் ஏ.ஐ.ஜி. மருத்துவமனையும் சேர்ந்து, நகரத்தின் ஐ.டி. ஊழியர்கள் 345 பேரைப் பரிசோதித்து 2025-இல் முடிவை வெளியிட்டன. 84 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு, 71 சதவீதம் பேருக்கு உடல் பருமன். உட்கார்ந்தே செய்யும் வேலை, தூக்கக் குறைவு, மன அழுத்தம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. செய்தி பரவியதும் அறிவுரைகள் குவிந்தன: நடங்கள், யோகா செய்யுங்கள், சிறுதானியம் சாப்பிடுங்கள். எல்லாம் நல்ல யோசனைகளே. ஆனால் எல்லாமே ஊழியரைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. அவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்று நிறுவனத்தைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. அலுவலகக் களைப்புக்கு மருந்து தேடும் முன் அந்தக் கணக்கைக் கேட்டாக வேண்டும் என்பதே என் வாதம்.

கணக்கு ஏன் கிடைப்பதில்லை? அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி ஆகும்போது இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. காலை பத்து மணிக்கு ஹைடெக் சிட்டியில் ஸ்வைப் செய்து உள்ளே போனவருக்கு, க்ளையன்ட்டோடு பேசும் முக்கியமான கால் அப்போதுதான் தொடங்குகிறது. வீடு திரும்பிச் சாப்பிடும்போதும் டீம்ஸில் பச்சைப் புள்ளி எரிந்தாக வேண்டும். ரிலீஸ் வாரம் என்றால் நள்ளிரவும் வேலை நேரம்தான். வெள்ளிக்கிழமை டைம்ஷீட் நிரப்பும்போதோ, பல இடங்களில், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 என்றுதான் போட முடியும். க்ளையன்ட்டுக்கு பில் போவது அவ்வளவுக்குத்தான். மிச்ச நேரம் உடம்பில் மட்டும் பதிகிறது. அடுத்த புராஜெக்ட்டுக்கு எத்தனை பேர் தேவை என்று திட்டமிடுகிறவரும் அந்த 40-ஐ வைத்தே கணக்குப் போடுகிறார். மூன்று பேர் வேலையை இரண்டு பேர் தலையில் கட்டுவது இப்படித்தான் வழக்கமாகிப்போகிறது.

இதன் விளைவு வெறும் அலுப்போடு நிற்பதில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் அறிவித்தன. நீண்ட வேலை நேரத்தால் 2016-இல் மட்டும் 7,45,000 பேர் இறந்ததாக அவை மதிப்பிட்டன.

நாடு முன்னேற இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி சொன்னார். கடும் உழைப்பின் மேல் அவருக்குள்ள மதிப்பு எனக்கும் உண்டு. ஆனால் நேரம் கூடினால் விளைச்சலும் கூடும் என்பது பொய்த்துப்போன நம்பிக்கை. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் எடுத்த கணக்குகளைப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் 2014-இல் ஆராய்ந்தார். 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தி, 56 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தியைவிடப் பெரிதாக உயரவில்லை. கைவேலைக்கே இந்தக் கதி என்றால், இரவு இரண்டு மணிக்கு எழுதும் கோடு எப்படி இருக்கும்? மறுநாள் அதில் பிழை தேடவே பாதி நாள் போய்விடும். கை நிறையச் சம்பளம் வாங்குகிறார்களே, பிடிக்காவிட்டால் விலகலாமே என்பது இன்னொரு வாதம். பேசிய சம்பளம் நியமனக் கடிதத்தில் எழுதிய நேரத்துக்கானது; எழுதாத நேரத்தை அதில் சேர்ப்பது நியாயமில்லை. கொண்டாப்பூரில் முப்பது நாற்பது ஆயிரம் வாடகை, வீட்டுக் கடன் தவணை, ஆள்குறைப்புப் பயம் இத்தனைக்கும் நடுவே இருப்பவரிடம் 'விலகலாமே' என்பது அவருக்கு இல்லாத ஒரு வழியைக் காட்டுவது. நேர வித்தியாசத்தை மாற்ற முடியாது, உண்மைதான். அப்படியானால் இரவு கால் இருக்கும் நாளில் வேலையைப் பிற்பகலில் தொடங்கட்டும். நாளை நகர்த்தலாம், இரு முனையிலும் நீட்டக் கூடாது.

நேரம் எண்ணப்பட்டால்தான் அதைப் பற்றிக் கேட்கவும் முடியும். 1918-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, சாப்பாட்டுக்குக் கிடைக்கும் இடைவேளை போதவில்லை என்பது ஆலைத் தொழிலாளர்களின் முக்கியக் குறைகளில் ஒன்று. ஆலைச் சங்கு ஊதியதால் எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் கூடுதலாகக் கேட்கவும் முடிந்தது. தெலங்கானா அரசு 2025 ஜூலையில் வணிக நிறுவனங்களில் நாளுக்கு 10 மணி நேர வேலையை அனுமதித்து, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. அதற்கு மேல் போனால் ஓவர்டைம். நேரத்தை ஒருவர் எண்ணினால்தானே இந்த வரம்பு பலிக்கும்? ஊழியர்களின் அன்றாட வேலை நேரத்தை அளக்கும் முறை ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. இங்கே அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஸ்வைப் நேரமும் லாகின் நேரமும் நிறுவனங்களின் சர்வரில் ஏற்கெனவே இருக்கின்றன. தொழிலாளர் துறை அவற்றைக் கேட்டு வாங்கட்டும். அதுவரை, ஐ.டி.யில் இருக்கும் ஒவ்வொருவரும் வேலை தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் அன்றன்றே தனக்கென ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும்.